துரை பங்களா காலியில்லை

மனித குலம் கண்ட பேரரசுகளில், முடிந்த பிறகும் செம்மையாக நடந்தது ஒன்றே ஒன்றுதான். அது குன்னூரில், டக்ளஸ் அண்ணனின் பேக்கரிக்கு மேலே, மைதா மூட்டைகள் அடுக்கிய அறையில் இருந்தது. அதை முடித்து வைத்தவர்களில் ஒருவன் என்ற முறையிலும், முடிந்த பிறகு நடத்திக் காட்டியவர்களில் ஒருவன் என்ற முறையிலும் அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பு என்மேல் விழுந்திருக்கிறது. வேறு யாரும் எழுத முன்வரவில்லை என்பது இங்கே தேவையில்லாத தகவல்.

பேரரசின் பெயர் ஏழுலயம். வரைபடத்தில் தேட வேண்டாம். எங்கள் கல்லூரியின் 'மேசை விளையாட்டு மன்றம்' சனிக்கிழமை தோறும் கூடி விளையாடிய கதை அது. முறை மிக எளிது. ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராக அந்த உலகத்துக்குள் நுழைந்து, 'நான் கதவை உதைக்கிறேன்' என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே உதைப்பார்கள். உடைந்தது கதவா காலா என்பதை இருபது பக்கம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். உலகத்தைச் சொல்பவருக்கு 'கேம் மாஸ்டர்' என்று பெயர். சுருக்கமாக ஜி.எம்.

"சனிக்கிழமை ஜி.எம். வரச் சொல்லியிருக்காங்க" என்று நான் வீட்டில் சொன்ன நாளிலிருந்து, தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பா வாரா வாரம் என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுக்கிறார். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் ஒரே ஜி.எம்.தான், அவர் பொது மேலாளர். நான் திருத்தவில்லை. சட்டை நன்றாக இருந்தது.

எங்கள் ஜி.எம். கீர்த்தனா. என் வகுப்புத்தான். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வருகிறாள். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். மற்றவர்கள் 'லைன்' என்பார்கள். இலங்கையிலிருந்து வந்து குடியேறிய அவள் வீட்டாருக்கு இன்றைக்கும் அது லயம்தான். ஆகவே அவள் படைத்த உலகத்தில் கிராமங்களுக்குப் பதிலாக ஏழு லயங்கள் இருந்தன. மேலே மலையுச்சியில் ஒரு பங்களா. பங்களாவில் சாம்பல் துரை.

மற்ற விளையாட்டுகளில் அரக்கன் என்றால் நெருப்பைக் கக்குவான், ஊரைக் கொளுத்துவான். சாம்பல் துரை எதையும் கொளுத்தவில்லை. மலையில் இருந்த ஒரே ஊற்றுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். அவ்வளவுதான் அவன் செய்த வேலை. லயத்து ஆட்கள் தண்ணீர் கேட்டுப் பங்களா வாசலில் வந்து நிற்பார்கள். அவன் இறங்கி வர மாட்டான். மாடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடியே வேலைக்காரனிடம் சொல்வான்:

"வெள்ளிக்கிழமை வரச் சொல்லு. பார்க்கலாம்."

வெள்ளிக்கிழமை வருவார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொல்வான். முதல் சனிக்கிழமையன்று கீர்த்தனா இதை அவன் குரலில் சொல்லிக் காட்டியபோது எங்களுக்கு இரத்தம் கொதித்தது. ஜோதிமணி கையிலிருந்த வர்க்கி பொடிப்பொடியானது. ஊட்டி வர்க்கி என்ற அந்த மொறுமொறு பிஸ்கட் முறைத்துப் பார்த்தாலே பொடியாகும் என்றாலும், அன்றைக்கு அது கோபத்தால்தான் பொடியானது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

ஜோதிமணி கேத்திக்காரி. வீட்டில் கேரட் விவசாயம், விளையாட்டில் மந்திரவாதி. சஞ்சய்க்கு மசினகுடி. அவன் மாமா காட்டோரத்தில் ரிசார்ட் வைத்திருக்கிறார். விளையாட்டில் இவன் வில்லாளி. நான் அருண்பிரசாத், மன்றத்தின் செயலாளர். விளையாட்டில் மாவீரன் இடியரசன். நாங்கள் மூவரும் ஏழுலயத்தின் விடுதலைக்காக இரண்டு வருடம் போராடினோம். பரீட்சைக்கு முந்தைய நாள் போராடினோம். சாலையில் மண் சரிந்து பஸ் நின்ற அன்று நடந்து வந்து போராடினோம். கடைசியில் ஒரு சனிக்கிழமை ஜோதிமணி உருட்டிய பகடையில் இருபது விழுந்தது. பூட்டு உடைந்தது. துரை ஜன்னலோடு சேர்ந்து விழுந்தான். ஏழு லயங்களுக்கும் தண்ணீர் ஓடியது. கீர்த்தனா பென்சிலைக் கீழே வைத்து, "முடிஞ்சுது" என்றாள். சஞ்சய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே அடுப்பில் ஏதோ கருகுகிறது என்றான். எதுவும் கருகவில்லை.

இவ்வளவு அழகாக முடிந்த ஒன்றை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் பதினைந்து நாள் கழித்து கீர்த்தனா எங்களிடம் வந்து ஒன்று கேட்டாள்.

"ஃபர்ஸ்ட் இயர் பசங்க மூணு பேரு விளையாடணும்னு சொல்றாங்க. இதே ஏழுலயத்துல, துரை செத்துப் பத்து வருஷம் கழிச்சு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். உங்களுக்கு ஆட்சேபனை ஒண்ணும் இல்லையே?"

கேட்காமலே ஆரம்பித்திருக்கலாம். உலகம் அவளுடையது, பகடை அவளுடையது, டக்ளஸ் அண்ணனிடம் அறையைக் கேட்டு வாங்கியவளும் அவள்தான். ஆனாலும் மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டாள். நிர்வாக அனுபவம் இல்லாதவர்கள் செய்யும் பிழை இது. கேட்கப்பட்டவர்களுக்கு, தங்களுக்கு அதிகாரம் இருப்பது அந்தக் கணத்தில்தான் தெரிய வருகிறது.

புதிதாக வேறொரு உலகம் செய்துகொள்ளலாமே என்று சஞ்சய் பெருந்தன்மையுடன் ஆலோசனை சொன்னான். அவனுக்குத் தெரிந்த ஒருவர் மசினகுடியில் ஒரு ரிசார்ட்டை இடித்துவிட்டு ஒரே மழைக்காலத்தில் இன்னொன்று கட்டினார் என்றும் எடுத்துக்காட்டினான்.

கீர்த்தனா பகடையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "ரெண்டு வருஷத்துல நீங்க போனது மூணு லயத்துக்குத்தான். மீதி நாலு லயத்துல யாரும் கால் வைக்கல. அங்க இருக்கறவங்க எல்லாருக்கும் பேரு வெச்சிருக்கேன். என்கிட்ட இருக்கறது இந்த ஒரு மலைதான்டா. வேற மலை எனக்குத் தெரியாது."

இது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு. இப்படிப்பட்ட விஷயங்களை உணர்ச்சிக்கு விட்டுவிடக் கூடாது என்பதால், அன்றைக்கே 'ஏழுலயப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் நான். உறுப்பினர்கள் சஞ்சய், ஜோதிமணி. உலகத்தைப் படைத்தவரே குழுவில் இருந்தால் நடுநிலை கெடும் என்பதால் கீர்த்தனா 'சிறப்பு அழைப்பாளர்' ஆக்கப்பட்டாள். சிறப்பு அழைப்பாளர் கருத்துச் சொல்லலாம். டீயும் சொல்லலாம். டீ மட்டும் வரும்.

குழுவின் முதல் கூட்டத்தில் ஆழமான விவாதம் நடந்தது. மலை ரயிலைப் போல ஏழுலயத்தையும் 'பாரம்பரியச் சின்னம்' ஆக்கி, அதன் உச்சகட்டப் பெருமையிலேயே நிறுத்தி வைக்க வேண்டும் என்றான் சஞ்சய். மலை ரயில் நிற்பதில்லை, தினமும் ஓடுகிறது என்று கீர்த்தனா சொன்னதைக் குழு ஏற்கவில்லை. ஜோதிமணிக்கு இருந்த அச்சம் வேறு.

"ஃபர்ஸ்ட் இயருப் பசங்க உள்ள வந்தா ஏதாச்சும் பண்ணிப் போடுவானுங்க."

"விளையாட்டுன்னா ஏதாச்சும் பண்ணத்தானே ஜோதி வர்றாங்க" என்றாள் கீர்த்தனா.

"அதையேதான் நானும் சொல்றேன்."

இந்தச் சிக்கலை அவிழ்த்தது என் குடும்பத்து அனுபவம். எங்களுக்குத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். ஓய்வு பெற்றவர் சில மாதங்களில் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது விதி. என் அப்பா விதிகளை மதிப்பவர். அதனால் காலி செய்ய மறுத்ததே இல்லை. தங்கைக்குப் பரீட்சை இருக்கிறது என்று முதலில் ஒரு நீட்டிப்பு வாங்கினார். அவள் அந்தப் பரீட்சையில் தேறிவிட்டதால் மேல்படிப்பு என்று இன்னொன்று வாங்கினார். பிறகு அம்மாவுக்குச் சமவெளி வெயில் ஒத்துக்கொள்ளாது என்று ஒன்று. எங்களுக்கு அடுத்து அந்த வீடு ஒதுக்கப்பட்டவர் மனைவியோடு வந்து, வேலிக்கு வெளியே நின்று எங்கள் ஜன்னல்களை எண்ணிவிட்டுப் போவார். அப்பா அவரைப் பார்த்துக் கைகூட அசைப்பார்.

"காலி பண்ண மாட்டேன்னு எப்பவுமே சொல்லக் கூடாது தம்பி. அவகாசம் கேக்கோணும். அவகாசம் கேட்டுட்டே இருந்தா அது நம்ம ஊடு" என்பது அவர் எனக்குச் சொன்னது.

ஆகவே நான் முன்மொழிந்தேன்: ஏழுலயம் தொடரட்டும். ஆனால் வீரர்களாகிய நாங்களும் அங்கேயே தொடர்வோம்.

மூன்று டீயில் தீர்மானம் நிறைவேறியது. ஊட்டிக்கே இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும் என்றிருக்கும்போது ஏழுலயத்துக்கு மட்டும் வேண்டாமா? புதிதாக வருபவர்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. புதிய அரக்கன் யாராவது தோன்ற விரும்பினால் குழுவிடம் தடையின்மைச் சான்று பெற வேண்டும். இடியரசனைவிடப் பலசாலியாக யாரும் பிறக்கக் கூடாது. தவறிப் பிறந்துவிட்டால் சோகையாக இருக்க வேண்டும். குழுவின் முன் அனுமதியில்லாமல் முக்கியச் சம்பவம் எதுவும் நடக்கக் கூடாது. சிலை விஷயத்தை மட்டும் தனியாகப் பேசினோம்.

"நான் சிலை கேக்கல" என்றேன் கீர்த்தனாவிடம். "மக்களே விரும்பி வெச்சாங்கன்னு இருக்கட்டும்."

"மக்கள் விரும்பலையே."

"நீதானே மக்கள். விரும்பு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மைதா மூட்டைகளைப் பார்த்தாள். அழுவாளோ என்று சஞ்சய் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தான். அவள் அழவில்லை. தீர்மானம் அத்தனையையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள். ஒரே ஒரு வேண்டுகோள் மட்டும்.

"பத்து வருஷம் ஓட்டிப் பார்ப்போம். துரை செத்த பிறகு நீங்க என்ன பண்ணீங்கன்னு நீங்களே சொல்லுங்க. நான் எதையும் சேர்க்க மாட்டேன், எதையும் எடுக்க மாட்டேன். ஃபர்ஸ்ட் இயர் பசங்க சும்மா வந்து பார்க்கட்டும்."

வரலாறு எப்படி உருவாகிறது என்று இளைய தலைமுறை நேரில் பார்ப்பது நல்லதுதானே. அனுமதி வழங்கினோம்.

அடுத்த சனிக்கிழமை அந்த மூவரும் வந்து மைதா மூட்டைமேல் உட்கார்ந்தார்கள். அவர்களில் சில்வஸ்டர் என்ற பையன்தான் கொஞ்சம் வாய் உள்ளவன் போலத் தெரிந்தான். எங்களைப் பார்த்து எழுந்து, "வணக்கமுங்கண்ணா" என்றான். பண்பாடு தெரிந்த பையன். அதற்குமேல் அவனைக் கவனிக்க அவசியம் இருக்கவில்லை.

சஞ்சய் ஆரம்பித்தான். துரையின் பங்களா பாழாகப் போகக் கூடாது என்று அதை ஒரு ரிசார்ட்டாக மாற்றினான். நாங்கள் கொல்லாமல் விட்ட பாதாளப் பாம்பு ஒன்று பங்களாவுக்குப் பின்னால் குகையில் இருந்தது. அதைச் சற்றும் தொந்தரவு செய்யாமல், முகத்தில் விளக்கடித்து மட்டும் காட்டும் ஜீப் சஃபாரி தொடங்கினான். நீச்சல் குளம் ஒன்றும் வெட்டினான்.

"தண்ணி?" என்று கேட்டாள் கீர்த்தனா.

"ஊத்துல இருந்துதான்."

"சரி."

ஜோதிமணி பங்களாவுக்குக் கீழே இருந்த சரிவு முழுக்கக் கேரட் போட்டாள். விளைந்த கேரட்டைக் கழுவ மெஷின் வைத்தாள். அதற்கும் தண்ணீர் எங்கிருந்து என்று கீர்த்தனா கேட்டபோது ஜோதிமணிக்கு லேசாகக் கோபம் வந்தது. "கேரட்டுன்னா கழுவோணும். கழுவாத கேரட்ட எவன் வாங்குவான்? நீ கேத்திக்கு வந்து பாரு."

"சரி ஜோதி. ஊத்துலதானே?"

"பின்ன?"

அடுத்து நான். ஊற்று திறந்து கிடந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம், எவ்வளவு வேண்டுமானாலும் மொள்ளலாம் என்ற நிலை. இடியரசன் இரண்டு வருடம் இரத்தம் சிந்தி மீட்ட ஊற்றுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டாமா? சின்னதாக ஒரு கதவு வைத்தேன். கதவென்று இருந்தால் காற்றில் அடித்துக்கொள்ளும், ஆகவே ஒரு பூட்டு. சாவியை எங்காவது வைத்தால் தொலைந்துவிடும் என்பதால் மட்டுமே இடுப்பில் செருகிக்கொண்டேன். கீழே நின்றால் கொசுத் தொல்லை. மேற்பார்வைக்கு வசதியாக, சஞ்சயின் ரிசார்ட்டிலேயே மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன்.

"எந்த அறை?" என்றாள் கீர்த்தனா.

"ஜன்னல் இருக்குமே, அது. துரை விழுந்தப்ப ஒடஞ்சது. சரி பண்ணிக்கிட்டேன்."

"சரி."

அதற்குப் பிறகு ஏழுலயத்தில் நிலவிய அமைதியை வர்ணிக்கச் சொற்கள் போதா. முதல் வருடம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வருடமும் அதே. கீர்த்தனா வருடத்தின் எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டு போனாள். பகடை மேசைமேல் அசையாமல் கிடந்தது. ஐந்தாவது வருடத்தில் சஞ்சய் கொட்டாவி விட்டான். ஏழாவதில் ஜோதிமணி போனை எடுத்துப் பார்த்தாள்.

"ஏதாச்சும் நடக்க வையேன்" என்றான் சஞ்சய்.

"நடக்கறதுக்கு உங்ககிட்டதானே அனுமதி வாங்கணும். யாரும் விண்ணப்பிக்கல."

எட்டு, ஒன்பது என்று இன்னும் இரண்டு வருடம் இதேபோல் ஓடியது. நல்லாட்சி என்பது வேறென்ன என்று நான் மூட்டைப் பக்கம் திரும்பிக் கேட்டேன். சில்வஸ்டர் பணிவாகத் தலையாட்டினான்.

பத்தாவது வருடத்தில் கீர்த்தனா பென்சிலால் மேசையை மூன்று முறை தட்டினாள். "வாசல்ல யாரோ நிக்கறாங்க."

சில்வஸ்டர் மூட்டையிலிருந்து எழுந்தான். இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததால் பின்பக்கமெல்லாம் மாவு. கைகளைக் கட்டிக்கொண்டான். குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"ஐயா, நாங்க ஏழாவது லயத்துல இருந்து வரோமுங்க. துரை செத்த அன்னிக்குத் தண்ணி வந்துச்சுன்னு எங்கப்பா சொல்லுவாருங்க. நாங்க பாத்ததில்லைங்க."

இ-பாஸ் இருக்கிறதா என்று சஞ்சய் கேட்டான். ஏழாவது லயம் என்று ஒன்று இருந்ததா என்று ஜோதிமணி என்னிடம் கேட்டாள். நான் அந்த நேரத்தில் வர்க்கியை டீயில் முக்கியிருந்தேன். முக்கிய வர்க்கியை உடனே வாயில் போடாவிட்டால் பாதி டம்ளருக்குள் விழுந்துவிடும் என்பது நீலகிரியில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆகவே யார் பக்கமும் திரும்பாமல், சஞ்சயிடம் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை வரச் சொல்லு. பார்க்கலாம்."

கீழே பேக்கரியில் யாரோ தட்டு இழுக்கும் சத்தம் கேட்டது. ஜோதிமணி டம்ளரை வாய் வரைக்கும் கொண்டுபோய் அங்கேயே வைத்திருந்தாள். சஞ்சய் ஜன்னலைப் பார்த்தான். அந்த அறையில் ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. என் வர்க்கி டீக்குள் விழுந்தது.

"அருணு" என்றாள் கீர்த்தனா. இவ்வளவு மென்மையாக அவள் என்னிடம் பேசியதே இல்லை. "இப்ப சொன்னத, இடியரசன் சொன்னதா எடுத்துக்கலாமா?"

மன்றத்தின் செயலாளர் என்ற முறையில், ஒருமுறை சபையில் சொன்னதைத் திரும்பப் பெறும் வழக்கம் எனக்கில்லை. "எடுத்துக்கலாம்" என்றேன்.

"ரொம்ப நன்றி" என்றாள். நிஜமாகவே சொன்னாள். மேசைமேல் கிடந்த பகடையை எடுத்து ஊதி, சில்வஸ்டர் கையில் கொடுத்தாள். "கதை ஆரம்பிக்குது. என்ன பண்றீங்க?"

சில்வஸ்டர் மற்ற இருவரையும் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அண்ணா என்று கூப்பிடும்போது இருந்த பார்வை அதில் இல்லை. "கதவ ஒதைக்கறேனுங்க்கா" என்றான்.

பகடை உருண்டு, என் டம்ளரில் இடித்து நின்றது. என்ன எண் விழுந்தது என்பதை வெளியிடுவது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று குழு கருதுகிறது.

இப்போது சனிக்கிழமைகளில் மேசையைச் சுற்றி அவர்கள் உட்காருகிறார்கள். நாங்கள் மூவரும் மைதா மூட்டைமேல் உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டு. கருத்துச் சொல்லலாம். நான்காவது லயத்தில் ஒரு பாட்டுக்காரி இருக்கிறாள், ஐந்தாவதில் பாம்போடு பேசத் தெரிந்த ஒருவன் இருக்கிறான். நாங்கள் இரண்டு வருடத்தில் பார்க்காத ஆட்கள். கீர்த்தனா அவர்களை ஒவ்வொருவராக வெளியே அழைத்து வருகிறாள். என் சிலையைக்கூட மக்கள் வைத்துவிட்டார்கள். வாசலில் வைத்திருக்கிறார்கள், முதுகு ஊரைப் பார்த்து.

போன வாரம் சட்டையை நீட்டும்போது அப்பா கேட்டார்: "இத்தன நாளா போறியே, ஜி.எம். உனக்கு ஏதாச்சும் பதவி குடுத்தாங்களா?"

"குடுத்துட்டாங்கப்பா."

"என்ன பதவி?"

"துரை."

அவர் முகம் மலர்ந்தது. "பங்களாவும் உண்டா?"

"உண்டுப்பா."

"காலி பண்ணச் சொன்னா என்ன சொல்லோணும்னு தெரியுமில்ல?"

தெரியும். ஒரு நாடு தொடர்ந்து நடக்க வேண்டுமானால் அதன் முக்கியப் பதவிகள் ஒரு நாள்கூடக் காலியாக இருக்கக் கூடாது. சாம்பல் துரை ஜன்னலோடு விழுந்த அன்றே அந்தப் பணியிடம் நிரப்பப்பட்டது. விளம்பரமில்லை, நேர்காணலில்லை. அவனை வீழ்த்திய அனுபவம் ஒன்றே தகுதியாகக் கொள்ளப்பட்டு, உள்ளேயே ஆள் எடுக்கப்பட்டது. இதில் ஆட்சேபனை உள்ளவர்கள் தாராளமாக வெள்ளிக்கிழமை வரலாம்.

பார்க்கலாம்.